வெள்ளிக்கிழமை சாகாத கணினி

கணினி பழுதுபார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குமேல் ஒரு சான்றிதழும் கிடையாது. ஆனால் நம் ஜொகூரில், மாசாயில் என் கடை இருந்தவரை, பாசிர் கூடாங் தொழிற்சாலை ஆட்கள் முதல் பெர்மாஸ் ஜெயா பட்டதாரிகள் வரை, மற்ற கடைகள் கைவிட்ட கணினியை என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்த வட்டாரத்தில் என்னைப்போல் லாக் படிக்கத் தெரிந்தவன் இருந்தால் வரச்சொல்லுங்கள், நானே எழுந்து நாற்காலி கொடுக்கிறேன்.

லாக் என்றால் உங்களுக்குத் தெரியும். கணினி தனக்கு நடப்பதையெல்லாம் தானே நேரம் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும் பதிவு. அதைத் திறக்க யாரும் கற்றுத்தருவார்கள். திறந்த பிறகு குழம்பாமல் இருக்கத்தான் யாரும் கற்றுத்தர மாட்டார்கள். நானே குழம்பியிருக்கிறேன். மற்றவர்கள் குழம்பினால் ஓடிவிடுவார்கள், நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்று. நல்ல ஆரோக்கியமான கணினியின் லாக்கிலும் சிவப்புக் குறிகள் இருக்கும். அவற்றைக் காட்டி வாடிக்கையாளரைப் பயமுறுத்திப் பிழைப்பவர்கள் உண்டு. ஒரு வீட்டில் அப்படிப்பட்ட சிவப்புக் குறி ஒன்று ஒரு மனிதரையே வெளியே அனுப்பப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தொடர்வீடு. அந்த வீட்டு மருமகள் பிரேமளா, சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் பேசும் வேலை செய்துகொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கணினி செத்துப்போகும், பிறகு தானாக உயிர்பெறும். இரண்டு கடைகள் பார்த்துவிட்டன. ஒருவன் கணினிக்குள் இருக்கும் மின்சாரப் பெட்டியை மாற்றினான், இன்னொருவன் நினைவகத்தை மாற்றினான். கடை மேசையில் வைத்தால் நாளெல்லாம் ஓடும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் சாகும். கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கடைசியாகத்தான் என்னைக் கூப்பிடுவார்கள், அதில் எனக்குப் பெருமைதான்.

வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, சின்ன கேட் வழியாக உள்ளே போனேன். பிரேமளாவின் கணவன் சேகர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். அவனும் சிங்கப்பூரில்தான் வேலை, மோட்டார் சைக்கிளில் போய்வருபவன். என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அங்கிள், பார்ட் ஒண்ணும் மாத்த வேணாம். யாரு செஞ்சான்னு மட்டும் லாக்க பாத்துச் சொல்லுங்க."

"யாரு என்ன செஞ்சது தம்பி?"

"எங்கப்பாதான். மொத ஒத்துக்கிட்டாரு. இப்ப இல்லங்கிறாரு."

பக்கத்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது. சேகரின் அப்பா மருதமுத்து வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். காலடியில் பயணப் பை. பாலோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாராம், இனித் திரும்பி வரமாட்டாராம். பாலோ பக்கத்து எஸ்டேட்டிலேயே பிறந்து, அங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகன் வீட்டுக்கு வந்தவர்.

"மாமா போகட்டும்னு நான் ஒருநாளும் சொல்லல அங்கிள்," என்றாள் பிரேமளா. கண் சிவந்திருந்தது. "எனக்கு இன்னைக்குள்ள கம்பெனிக்குக் காரணம் எழுதி அனுப்பணும். இல்லன்னா வேலை போயிரும்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். சேகர் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

கம்பெனியின் மென்பொருள் தனக்கென்று ஒரு லாக் எழுதுகிறது. கம்பெனிக்காரர்கள் அதைப் பிரேமளாவுக்கு அனுப்பி, "நீ மதியம் மூன்று மணிக்குக் கணினி செத்தது என்கிறாய், எங்கள் லாக்கில் மூன்று மணிக்கு ஒன்றுமே இல்லை, காலை ஏழு மணிக்குத்தான் தொடர்பு அறுந்திருக்கிறது" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பொய் சொல்லி ஓய்வெடுப்பதாகச் சந்தேகம். இந்த ஏழு மணிதான் சேகரைப் பிடித்துக்கொண்டது.

"காலையில ஏழு மணிக்கு நான் சிங்கப்பூர் போற காஸ்வே பாலத்துல, ஜாம்ல நிக்கிறேன். இவ பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயிருப்பா. வீட்டுல இருக்கிறது யாரு? அவரு ஒருத்தருதான். ஏழு மணிக்கு எதையோ நோண்டி வைக்கிறாரு. மத்தியானம் சாகுது."

பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்து காட்டினான். வரிசையாகச் சிவப்பு. ஒவ்வொன்றிலும் கெர்னல் பவர் என்ற பெயர்.

"இதக் காட்டித்தான் நேராக் கேட்டேன். 'கெர்னல் பவர் நின்னிருக்குப்பா, யாரு நிப்பாட்டுனது'ன்னு. 'நான்தான்'னாரு. அவரு வாயால சொன்னாரு அங்கிள்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கெர்னல் என்பது கணினியின் உள்மூளை. அதன் பெயரே தெரியாத ஒரு பெரியவர் நான்தான் நிறுத்தினேன் என்று ஏன் சொல்லவேண்டும்? எழுந்து அவர் அறைக்குப் போனேன்.

"அண்ணே, என்ன நிப்பாட்டுனீங்க?"

"கெர்னல்."

"எந்தக் கெர்னல்?"

"எந்தக் கெர்னலா? மில்லுல எத்தன கெர்னல் இருக்கு?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எண்ணெய் பிழிஞ்சப்புறம் கொட்டைய ஒடச்சுப் பருப்பெடுப்பாங்க பாரு, அந்தப் பருப்புதான் கெர்னல். கெர்னல் ஸ்டேஷன் என் பொறுப்பு. கரண்டு ஆடுச்சுன்னா மெயின நிப்பாட்டுறது நான்தான், வேற ஒருத்தன் கை வைக்கக் கூடாது. மேனேஜர் ஓடியாந்து கெர்னல நிப்பாட்டுனது யாருன்னு கத்துவாரு. நான்தான்னு முன்னாடி வந்து நிக்கணும். வாழ்நாள் பூரா அப்படித்தான் நின்னேன். இவன் வந்து அதே மாதிரி கத்துனான். தூங்கிட்டிருந்தேன் தம்பி. நான்தான்னுட்டேன்."

"அப்புறம் வெளக்கிச் சொல்லலாமே?"

"சொன்னேனே. அந்தக் கெர்னல் வேற, இது வேறன்னேன். பேச்ச மாத்துறேன்னான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அதனால் நானும் அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்து சேகரிடம் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் தளர்ந்தது, உடனே மறுபடியும் இறுகிவிட்டது.

"சரி, அந்தக் கெர்னல் போவட்டும். ஏழு மணி? அதுக்கு என்ன சொல்றீங்க? இன்னொண்ணு கேளுங்க. முன்னாடி வாரத்துல ஒருதரம், ரெண்டுதரம்தான் சாகும். நான் அவரக் கேட்டேன் பாருங்க, அதுலருந்து நாள் தவறாம சாகுது. கோவத்துல செய்யிறாரு. கண்ணுக்குத் தெரியலையா?"

அவன் சொன்னது லாக்கிலும் அப்படியே இருந்தது. முதலில் எட்ட எட்ட இருந்த சிவப்புக் கோடுகள், அப்பாவும் மகனும் சண்டை போட்ட நாளுக்குப் பிறகு நெருங்கி நின்றன. பார்க்கப் பார்க்க எனக்கே பெரியவர் மேல் சந்தேகம் வந்தது.

கெர்னல் பவர் என்ற அந்த வரியை இங்கே நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். கணினி விழும்போது அதை எழுதுவதில்லை, எழுந்த பிறகு எழுதுகிறது. "நான் முறையாகத் தூங்கப்போகவில்லை, எங்கேயோ விழுந்து கிடந்து எழுந்திருக்கிறேன்" என்பதுதான் அதன் பொருள். தள்ளிவிட்டது யார் என்று அதற்குத் தெரியாது. மின்சாரம் போகும்போது எழுத அதற்கு நேரம் ஏது? அதனால் சிவப்புக் குறியின் மேலேயே கண்ணை நட்டுவைக்காதீர்கள்.

இரண்டு லாக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பெனி லாக் ஏழு மணி சொச்சம் என்றது, விண்டோஸ் மூன்று மணி சொச்சம் என்றது. அந்தச் சொச்சம் மட்டும் எல்லா நாளும் ஒத்துப்போனது. ஒன்றில் ஏழு தாண்டிச் சில நிமிடம் என்றால், மற்றதிலும் மூன்று தாண்டி அதே சில நிமிடம். சிங்கப்பூர் நேரம் வேறோ என்று ஒரு கணம் நினைத்தேன். சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், அது மாசாய்க் கோழிக்குக்கூடத் தெரியும். பேனாவை மேசையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தெரியவில்லை என்று சொல்ல என் நாக்குக்கு வராது.

பிறகுதான் உறைத்தது. நம் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எழுதியவன் எந்த நாட்டுக்காரனோ, கம்பெனி மென்பொருள் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. விண்டோஸ் நம் வீட்டு நேரத்தில் காட்டுகிறது. அங்கே காலை ஏழு என்றால் இங்கே மதியம் மூன்று. ஒரே சாவை இரண்டு கடிகாரம் சொல்கிறது.

"காலையில ஒண்ணுமே நடக்கலம்மா. ரெண்டும் ஒண்ணுதான்."

பிரேமளா துள்ளி எழுந்தாள். "அப்ப நான் பொய் சொல்லலன்னு இதுலயே இருக்கா? ஐயோ அங்கிள்!" என்று கணினி முன்னால் உட்கார்ந்து, கம்பெனிக்கு விளக்கத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

சேகர் மட்டும் அசையவில்லை.

"மூணு மணிக்கும் அவரு வீட்டுலதானே இருக்காரு?"

காலையில் நோண்டி வைக்கிறார் என்பதாவது தூரத்துச் சந்தேகம். இப்போது கணினி சாகிற அந்த நேரத்திலேயே அவர் பத்தடி தூரத்தில் இருக்கிறார் என்று நானே கணக்கைச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டேன். அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"தம்பி, போற வழியில என்னை லார்க்கின் பஸ் ஸ்டேஷன்ல எறக்கிவிடுறியா?"

யாரும் அவரைத் தடுக்கவில்லை. பிரேமளாவின் விரல்கள் மட்டும் நின்றுவிட்டன.

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மதர்போர்டு போய்விட்டது, பெரியவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வார்த்தை. அன்றைக்கு வீடு அமைதியாகியிருக்கும். நாளைக்கு மூன்று மணிக்குக் கணினி மறுபடியும் செத்தால்? அப்போது அவருக்காகப் பேச ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். பழுதைக் கண்டுபிடிக்காமல் சமாதானம் பேசுவது நம் வேலை இல்லை, தம்பிகளே.

"உக்காருங்கண்ணே, பஸ் எங்கயும் ஓடிறாது," என்று சொல்லிவிட்டு மறுபடியும் லாக்கைப் பார்த்தேன். இந்த முறை நேரத்தை விட்டுவிட்டுக் கிழமையைப் பார்த்தேன்.

அங்கேதான் முழுசாகக் குழம்பினேன். வெள்ளிக்கிழமை ஒருதடவைகூடச் சாகவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை செத்திருக்கிறது.

"வெள்ளிக்கிழம ஒனக்கு வேலை இருக்காம்மா?"

"இருக்கு அங்கிள், நாள் முழுக்க. சிங்கப்பூர் லீவு சனி, ஞாயிறுதானே."

"அப்ப ஞாயித்துக்கிழம கம்பியூட்டர யாரு தொடுறது?"

"நான்தான்," என்றான் சேகர். "பந்து மேட்ச் பாப்பேன். போன ஞாயிறுகூடப் பாதியில போச்சு. கோல் போகுற நேரம், அலாமாக்..." என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வேலைப்பளுவால் சாகிறது என்றால் வெள்ளிக்கிழமை சாகவேண்டும். வேலையே இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஏன் சாகிறது? பெரியவரோ எல்லா நாளும் வீட்டில்தான் இருக்கிறார்.

"வெள்ளிக்கிழம சாமி நாளுன்னு விட்டுட்டாரு போல," என்றான் சேகர்.

பெரியவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளி, சனி ஓய்வெடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒழுங்காக வேலைக்கு வருவது எது? எங்கெங்கோ தேடிவிட்டேன். விடை ஜொகூரிலேயே இருந்தது. இப்போது மாறிவிட்டது, அப்போது நம் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. சிங்கப்பூர் கிழமையை வைத்து யோசித்தால் நூறு வருஷம் ஆனாலும் விளங்காது.

"ஒங்க பிள்ள எத்தன மணிக்கு வீட்டுக்கு வருது?"

"பள்ளி முடிஞ்சு டியூஷன் போயிட்டு, மூணு மணிவாக்குல வேன்ல வருவா."

"யாரு போய் உள்ள கூட்டிட்டு வர்றது?"

பிரேமளா மாமனாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "மாமாதான். சின்ன கேட்டத் தொறந்து கூட்டிட்டு வருவாரு. முட்டி வலிக்குதுன்னு படுத்திருந்தா மட்டும் நான் ஆட்டோ கேட்ட தொறப்பேன். ஹெட்செட்ட கழட்ட முடியாதே, உக்காந்த எடத்துலருந்தே ரிமோட்ட அமுக்குவேன். இப்ப... சண்டைக்கப்புறம் மாமா ரூமை விட்டே வர்றதில்ல. தினம் நான்தான் அமுக்குறேன், ஞாயித்துக்கிழமையும் அதே பழக்கம். கை தானா அமுக்குது, அதுல கவனமே இருக்கிறதில்ல."

ஆட்டோ கேட் என்பது மோட்டாரில் திறக்கும் பெரிய கேட். வீடு வாங்கும்போதே கூட வந்ததாம். கார் இல்லாத வீடு என்பதால் அதை வேறு யாரும் திறப்பதில்லை.

"ரிமோட்ட அமுக்கும்மா."

"வேன் இன்னும் வரலையே அங்கிள்."

"சும்மா அமுக்கு."

அமுக்கினாள். வெளியே கேட் ஒரு முனகல் முனகியது. கணினித் திரை அணைந்தது. தலைக்குமேல் மின்விசிறி மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐயோ, எழுதுனத சேவ் பண்ணலையே!" என்று பிரேமளா கத்தினாள்.

குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று. அதில் கணினியின் பிளக், பக்கத்திலேயே ஜன்னல் வழியாக உள்ளே வந்த இன்னொரு ஒயரின் பிளக். பிளக் செருகும் இடம் தளர்ந்து கருகியிருந்தது. கேட்டின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால், மோட்டார் கிளம்பும்போதெல்லாம் இந்த ஒயரிலிருந்தே ஒரு இழு இழுத்தது. அந்த இழுப்பில் கணினிக்கு மின்சாரம் ஒரு கணம் அறுந்தது. இரண்டு கடைக்காரர்களின் மேசையிலும் ஆட்டோ கேட் இல்லை, அங்கே எப்படிச் சாகும்?

"கேட்டோட பிளக்க இதுல யாரு சொருவுனது?"

சேகர் குனிந்து அந்த ஒயரைப் பார்த்தான். "போர்ச்சுல உள்ள பிளக் பாயிண்ட் போயிருச்சு. ஒயர்மேன் வர்றவரைக்கும்னு நான்தான்..."

மகன் குற்றம் சாட்டிய பிறகு பெரியவர் வாசலுக்கு வரவில்லை. அவர் வராததால் ரிமோட் தினமும் அழுத்தப்பட்டது. அதனால் கணினி தினமும் செத்தது. தினமும் செத்ததையே அவர் செய்ததற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். லாக்கில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கேட் என்ற வார்த்தை மட்டும் அதில் எங்கேயும் இல்லை, ஏனென்றால் கேட் இருப்பதே கணினிக்குத் தெரியாது. இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், வேறெதையும் மறந்தாலும் பரவாயில்லை. லாக்கைப் படித்து முடித்த பிறகு, அந்த வீட்டில் அந்த நேரத்தில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதைக் கேட்காமல் ஒருவர் பெயரையும் சொல்லாதீர்கள்.

பெரியவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பெரிய கேட்டின் இரண்டு கதவும் அகலத் திறந்து கிடந்தன. அவர் நடக்க ஆரம்பித்தார். சேகருக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. கேட்டின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் அப்பாவைத் தாண்டி ஓடிப்போய்க் கேட்டை மூடத் தள்ளினான். அது நகரவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினான்.

"டேய், டேய், விடு! மோட்டார் புடிச்சிட்டிருக்கு, தள்ளுனா கியர் பல்லு ஒடஞ்சு போவும்." பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "மோட்டார் பூட்ட எடுத்துவிடச் சாவி ஒண்ணு குடுத்திருப்பானே, எங்க?"

"தெரியலப்பா."

"ஒனக்கு என்னதான் தெரியும்?"

பையைத் தரையில் வைத்துவிட்டு மோட்டார்ப் பெட்டியைத் தடவிப் பார்த்தார். அதன் பின்பக்கத்திலேயே சாவி தொங்கிக்கொண்டிருந்தது. திருகி விட்டார். ஒரு கதவை மகன் பிடித்தான், மறு கதவை அவர் பிடித்தார். உள்பக்கம் நின்று, இழுத்து மூடினார்கள். சேகர் கம்பியைப் பிடித்தபடியே ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. பெரியவர் பதிலுக்கு, "மொத அந்த பேட்டரிய மாத்து," என்றார்.

நான் சாமான் பையை எடுத்துக்கொண்டு சின்ன கேட் பக்கம் நடந்தேன்.

"தம்பி, எங்க கெளம்பிட்ட?" என்றார் பெரியவர். வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பிரேமளா, தம்பிக்குத் தேத்தண்ணி போடும்மா. எனக்கும்."